கேட்டர்ஹாம் மாதிரி எடை குறைந்த காடி: வாங்கும் முன் எப்படி ஓட்டிப் பார்ப்பது?

செந்தூல் சக்கரம்:

வணக்கம். ரொம்ப நாளாக மற்றவர்கள் எழுதுவதைப் படித்துவிட்டுச் சத்தமில்லாமல் போகிற ஆள் நான். இதுதான் முதல் கேள்வி, நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 43, உயரம் 6 அடி, எடை 98 கிலோ (தீபாவளிக்கு முன்னால் 94). தினமும் செந்தூலிலிருந்து பெட்டாலிங் ஜெயாவுக்கு மைவியில் வேலைக்குப் போய் வருகிறேன். கல்யாணத்துக்கு முன் சத்ரியா ஜிடிஐ வைத்திருந்தேன், லோட்டஸ் பெயர் போட்ட ஸ்டிக்கரோடு. அதை விற்றதிலிருந்து எந்தக் காடியிலும் மனசு ஒட்டவில்லை. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், வீட்டுக் கடன் முக்கால்வாசி முடிந்தது, சரி, ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் எடுக்க ஒரு சின்ன, கூரை இல்லாத, எடை குறைந்த காடி வாங்கலாம் என்று ஒரு வருடமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

கண்ணில் பட்டது மூன்று. ஒன்று, கிள்ளானில் ஒருவரிடம் இருக்கும் கேட்டர்ஹாம் செவன் (இங்கிலாந்தில் செய்கிற, இரண்டு பேர் மட்டும் உட்காரும் திறந்த காடி), 1.6 ஃபோர்டு இன்ஜின், ஐந்து கியர். இரண்டாவது பினாங்கில், பட்டறையில் கையால் கட்டிய செவன் மாதிரி ஒன்று, உள்ளே டொயோட்டா 4ஏஜிஇ 20 வால்வு, ஹாஃப்கட்டிலிருந்து (ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி இறக்கிய பழைய காடி) எடுத்துப் போட்டது, விலை முதலாவதில் பாதிதான். மூன்றாவது, இந்தக் கிறுக்கெல்லாம் வேண்டாம் என்று என் மனைவி காட்டுகிற மாஸ்டா எம்எக்ஸ்-5. கெப்போங்கில் கையாலேயே செய்கிற புஃபோரியையும் ஒரு நண்பர் சொன்னார், அது வேறு ரகம், நமக்கு எட்டாது.

கிள்ளான்காரர் நல்ல மனிதர். பக்கத்து இருக்கையில் உட்காரவைத்துத் தாமானைச் சுற்றி பத்து நிமிடம் கூட்டிப்போனார். இறங்கும்போது கை நடுங்கியது, வாய் காதுவரை இளித்துக்கொண்டிருந்தது. அன்றே முன்பணம் கொடுத்திருப்பேன், மனைவி போன் செய்து மீன் வாங்கி வரச் சொன்னதால் தப்பித்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தால், ஸ்டீரிங்கை நான் தொடவே இல்லை.

இந்த மாதிரி காடியை ஒழுங்காக ஓட்டிப் பார்க்க இங்கே என்ன வழி? இங்கிலாந்தில் நாள் வாடகைக்குத் தருகிறார்கள் என்று தம்பி சொல்கிறான், அவன் அங்கே படித்தபோது ஒரு தடவை எடுத்து ஓட்டியிருக்கிறான், நாம் அதற்காக விமானம் ஏற முடியுமா? அப்படியே யாராவது ஓட்டக் கொடுத்தாலும் அதில் எதைப் பார்க்க வேண்டும்? மைவியை ஓட்டிப் பார்ப்பது போல ஏசி வருகிறதா, கியர் விழுகிறதா என்று பார்த்தால் போதாது என்று மட்டும் தெரிகிறது.

சுபாங் பெரிசு:

தம்பி, மீன் வாங்கச் சொன்ன உங்கள் வீட்டம்மாவுக்கு ஒரு கும்பிடு.

பக்கத்தில் உட்கார்ந்து போனதை ஓட்டிப் பார்த்த கணக்கில் சேர்க்காதீர்கள். அது ராட்டினத்தில் சுற்றியதற்குச் சமம். இந்தக் காடி பக்கத்து இருக்கையில் எல்லோரையும் சிரிக்க வைக்கும், அந்தச் சிரிப்பை நம்பித்தான் நான் மாட்டிக்கொண்டேன். டோனி பெர்னாண்டஸும் கமாருடின் மெரானுனும் 2011-இல் கேட்டர்ஹாம் நிறுவனத்தை வாங்கினார்களே, அடுத்த வருடமே எஃப்1 அணிக்கும் அந்தப் பெயர் வந்தது, அந்தச் சமயத்தில் எனக்கும் பித்துப் பிடித்தது. பழைய செவன் ஒன்று கிடைத்தது, பார்த்தேன், ஒரு சுற்று போனேன், வாங்கிவிட்டேன். வாங்கி வீட்டுக்கு ஓட்டி வந்த 40 நிமிடத்தில் மூன்று விஷயம் தெரிந்தது. என் இடது காலை வைக்க இடமில்லை, கிளட்சுக்குப் பக்கத்தில் சும்மா வைக்கலாம் என்று பார்த்தால் அங்கே தகரம். முழங்கால் இரண்டும் ஸ்டீரிங்கில் இடித்தன. கியர்பாக்ஸ் ஓடும் நடுச்சுரங்கத்தின் சூடு இடது தொடையில் தோசைக்கல் மாதிரி இருந்தது. ஏழு மாதம் பல்லைக் கடித்துவிட்டு நட்டத்துக்கு விற்றேன். குறை காடியில் இல்லை, என் அளவுச் சட்டை இல்லை அது, அவ்வளவுதான்.

இரண்டாவது வாங்கியது அகலமான சேசிஸ் (அடிச்சட்டம்), எஸ்வி என்பார்கள். சாதாரண எஸ்3-ஐ விட 11 சென்டிமீட்டர் அகலம். அதை எட்டு வருடம் வைத்திருந்தேன். உங்கள் 6 அடிக்கும் 98 கிலோவுக்கும் முதல் கேள்வியே கிள்ளான் காடி எந்தச் சேசிஸ் என்பதுதான். எஸ்3 என்றால் தரையைத் தாழ்த்திய வகையா என்று கேளுங்கள், அதிலும் உயரமானவர்கள் சமாளிக்கிறார்கள்.

இப்போது எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். ஓட்டுவதற்கு முன் ஒரு மணி நேரம் சும்மா உட்காருங்கள். ஆமாம், நிறுத்திய காடியில், ஒரு மணி நேரம். ஏறுவதே ஒரு பாடம். ஸ்டீரிங்கைக் கழற்றி முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, இருக்கை மேல் ஒரு காலை வைத்து நின்று, இரண்டு கையையும் ஊன்றி, குழாய்க்குள் இறங்குவது மாதிரி வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்துத் தொங்காதீர்கள், சொந்தக்காரர் மனசு நோகும். இறங்கும்போது பக்கவாட்டில் ஓடும் சைலன்சரில் காலை வைத்துவிடாதீர்கள், எந்தப் பக்கம் ஓடும் என்பது இன்ஜினைப் பொறுத்தது. என் கணுக்காலில் இன்னும் ஒரு தழும்பு இருக்கிறது, ஐம்பது காசு அளவுக்கு.

அப்புறம் காலணி. இதைச் சிரிக்காமல் படியுங்கள். மூன்று பெடலும் தீப்பெட்டிகளை அடுக்கியது மாதிரி நெருக்கமாக இருக்கும். நாம் போடுகிற ஸ்போர்ட்ஸ் ஷூவின் அடிப்பாகம் பக்கவாட்டில் பிதுங்கி நிற்கும், பிரேக்கை மிதித்தால் கூடவே எண்ணெய்ப் பெடலும் போகும். நான் கடைசிவரை பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுகிற வெள்ளைக் கேன்வாஸ் காலணியைத்தான் போட்டு ஓட்டினேன். அதைவிட நல்லது இதுவரை கிடைக்கவில்லை.

ஓட்டும்போது வேகத்தைப் பார்க்காதீர்கள், அது எப்படியும் இருக்கும். யூ-டர்ன் ஒன்று போடுங்கள், பவர் ஸ்டீரிங் இல்லாமல் நின்ற நிலையில் திருப்பினால் தோள் சொல்லும். காலி இடத்தில் 60-இல் போய் பிரேக்கை அழுத்துங்கள். ஏபிஎஸ் கிடையாது, பிரேக்குக்கு உதவிசெய்யும் சர்வோவும் சாதாரணமாகக் கிடையாது, மைவியில் விரல் நுனியால் மிதிக்கிற பழக்கத்தில் மிதித்தால் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும், பயந்துபோய் ஓங்கி மிதித்தால் முன்சக்கரம் பூட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே ஓர் அளவு இருக்கிறது, அதைக் கால் கண்டுபிடிக்க எத்தனை நேரம் ஆகிறது என்று பாருங்கள். சிக்னல் விளக்கு டேஷ்போர்டில் உள்ள சின்னச் சுவிட்சில் இருக்கும், தானாக அணையாது. ஃபெடரல் நெடுஞ்சாலையில் பாதி தூரம் நான் இடது பக்கம் சிமிட்டிக்கொண்டே போயிருக்கிறேன், மோட்டார்சைக்கிள்காரர்கள் எல்லோரும் என்னைத் திட்டிவிட்டுப் போனார்கள், நான் ஏதோ காடியைப் பார்த்துக் கையசைக்கிறார்கள் என்று நினைத்துத் திருப்பிக் கையசைத்தேன்.

கடைசியாக ஒரு கணக்கு. அந்த 1.6 செவன் எடை 540 கிலோ சுற்றுவட்டாரத்தில் இருக்கும், 135 குதிரைசக்தி. நீங்கள் ஏறினால் அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. உங்கள் வீட்டம்மாவும் ஏறினால் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கமாக வந்துவிடும். மைவி ஏறக்குறைய 1,000 கிலோ, அதில் நீங்கள் ஏறுவது பத்தில் ஒன்று, அதற்குத் தெரியவே தெரியாது. அதனால் தனியாக ஒரு தடவை, ஆள் ஏற்றி ஒரு தடவை ஓட்ட வேண்டும், பிரேக்கும் சரி, வளைவில் அது சாய்கிற விதமும் சரி, இரண்டு வேறு காடி மாதிரி இருக்கும்.

எம்எக்ஸ்-5 நல்ல காடி, ஆனால் அது 1,000 கிலோ. அதை ஓட்டிப் பார்த்துவிட்டு செவன் எப்படி இருக்கும் என்று கணக்குப் போட முடியாது.

செந்தூல் சக்கரம்:

அண்ணே, இப்படி எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, நன்றி. கிள்ளான்காரரிடம் கேட்டேன், எஸ்3-தான், தரை தாழ்த்தியதா என்று அவருக்கே தெரியவில்லை. என் காலணி அளவு 11. இப்போதே பயமாக இருக்கிறது.

பினாங்கு காடியைப் பற்றி யாராவது சொல்லுங்கள். 20 வால்வு இன்ஜின் என்றதும் பழைய ஞாபகம் எல்லாம் வருகிறது.

பாலிக் புலாவ் ஸ்பேனர்:

20 வால்வு என்றால் எல்லோருக்கும் ஞாபகம் வரும் பாஸ், அதனால்தான் விலையைச் சொல்லும் முன் இன்ஜின் பெயரைச் சொல்கிறார்கள்.

நான் பட்டறைக்காரன், பினாங்குத் தீவில், இந்த மாதிரி கட்டிய காடிகள் சிலவற்றைத் திறந்து மூடியிருக்கிறேன். நன்றாகக் கட்டியதும் இருக்கிறது, பார்த்தவுடன் மூடி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனதும் இருக்கிறது. நீங்கள் பார்த்த காடி எது என்று எனக்குத் தெரியாது, பொதுவாகச் சொல்கிறேன்.

ஓட்டுவதற்கு முன் கிராண்ட்டை, அதாவது காடியின் பதிவுப் பத்திரத்தைக் கேளுங்கள். கிராண்ட்டில் உள்ள இன்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் காடியில் அடித்திருக்கிற நம்பரும் ஒன்றா என்று உங்கள் கண்ணால் பாருங்கள், போட்டோவில் இல்லை. சேசிஸ் நம்பர் தகட்டில் மட்டும் ஒட்டியிருக்கிறதா, குழாயிலேயே வெட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஹாஃப்கட் இன்ஜின் போட்டால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) ஒப்புதல் வாங்கிக் கிராண்ட்டில் ஏற்ற வேண்டும். ஏற்றவில்லை என்றால் பெயர் மாற்றும்போது புஸ்பகோம் வாகனச் சோதனை நிலையத்தின் பி5 சோதனையில் நம்பர் பொருந்தாமல் நின்றுவிடும், பணம் கொடுத்தவர் நீங்கள், காடி இன்னும் அவர் பெயரில். எனக்குத் தெரிந்த ஒரு வாடிக்கையாளர் இப்படி ஒன்றை வாங்கி இரண்டு வருடம் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறார், கோழி அதற்கடியில் முட்டையிடுகிறது, கேலி இல்லை. நம்பர் ஒத்துப்போகவில்லை என்றால் ஓட்டிப் பார்க்கவே வேண்டாம், ஓட்டினால் பிடித்துவிடும், பிடித்தால் மூளை வேலை செய்யாது.

இன்ஜினுக்கு வருகிறேன். 4ஏஜிஇ 20 வால்வில் இரண்டு வகை, 1991-இல் வந்த சில்வர்டாப் 160 பிஎஸ் (குதிரைசக்தி), 1995-இல் வந்த பிளாக்டாப் 165 பிஎஸ். இரண்டும் ஜப்பானில் முன்சக்கர ஓட்டக் காடிகளில் குறுக்கே படுத்திருந்தவை. செவன் மாதிரியில் நீளவாக்கில் வைத்துப் பின்சக்கரத்துக்கு அனுப்ப வேண்டும், வழக்கமாகப் பழைய டொயோட்டா ஏஇ86-இன் டி50 கியர்பாக்ஸைப் போடுவார்கள். அப்போது சிலிண்டர் தலைக்குப் பின்பக்கம் இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்புவது) தீச்சுவரில், அதாவது இன்ஜினுக்கும் நமக்கும் நடுவே உள்ள தகரச் சுவரில் இடிக்கும், அதை இடம் மாற்றியிருக்க வேண்டும், இல்லையென்றால் தீச்சுவரை வெட்டியிருப்பார்கள். அந்த இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். கட்டியவர் எப்படிப்பட்ட ஆள் என்று அந்த ஓர் இடமே சொல்லிவிடும். சுத்தமாகத் தகடு வைத்து மூடி, வயரை உறைபோட்டுக் கட்டியிருந்தால் மற்ற இடத்திலும் அப்படித்தான் செய்திருப்பார். சுத்தியால் அடித்துப் பள்ளம் பண்ணியிருந்தால் நன்றி சொல்லிவிட்டு பாலத்தில் ஏறுங்கள்.

தீவுக் காற்றில் உப்பு. அலுமினியத் தகட்டை இரும்புக் குழாயில் ரிவெட் அடித்திருப்பார்கள், இரண்டு உலோகம் தொடுகிற இடத்தில் ஈரமும் உப்பும் சேர்ந்தால் அலுமினியம் மாவு மாதிரி வெள்ளையாகப் பொரிந்து வரும். தரையோரம் வரிசையாக ரிவெட் இருக்கும், நகத்தால் சுரண்டுங்கள். அப்புறம் டயர், பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். இந்த மாதிரி காடி ஓடுவதே குறைவு, பட்டன் தேயாமலேயே ரப்பர் கல்லாகிவிடும். பத்து வருட டயரில் ஓட்டிப் பார்த்துவிட்டு இந்தக் காடி வளைவில் வழுக்குகிறது என்று சொன்னால் காடி அழும்.

ஓட்டும் முன் இன்னொரு சோதனை, பணம் செலவில்லை. நிறுத்திய இடத்திலேயே இன்ஜினைப் போட்டு 15 நிமிடம் ஐடிலில் விடுங்கள். வெப்ப முள் ஏறும், மின்விசிறி சுற்றத் தொடங்கும், முள் இறங்க வேண்டும். மூக்கு சின்னது, ரேடியேட்டர் சின்னது, நம் ஊர் வெயில் பெரியது. விசிறி சுற்றியும் முள் இறங்கவில்லை என்றால் பாயான் லெப்பாஸ் ஜாமில் உங்கள் கதி என்ன என்று யோசியுங்கள். விற்கிறவர் "வெயிலில் எல்லாம் அப்படித்தான்" என்பார். அப்படி இல்லை.

ஈப்போ ரோடு அக்கா:

மேலே இரண்டு அண்ணன்மாரும் நன்றாகவே சொல்லிவிட்டார்கள், ஆனால் பக்கத்து இருக்கையைப் பற்றி எழுதியது எல்லாம் ஓட்டுகிறவர்கள். நான் அந்த இருக்கையில் நாலு வருடம் உட்கார்ந்தவள், அதனால் சொல்கிறேன்.

தம்பி, உங்கள் மனைவியைப் பத்து நிமிடச் சுற்றுக்குக் கூட்டிப்போகாதீர்கள். அரை நாள் கூட்டிப்போங்கள், அவர் வழக்கமாகப் போகிற இடத்துக்கு. எங்கள் வீட்டில் முதல் தடவை காராக் வழியாக கெந்திங் செம்பா வரை போனோம், காலை ஆறரை மணி, குளிர், பனிமூட்டம், நானே சொக்கிப்போனேன். அடுத்த வாரம் அதே காடியில் ஒரு கல்யாணத்துக்கு பிரிக்பீல்ட்ஸ் வரை. பட்டுப்புடவை. எப்படி ஏறினேன் என்று கேட்காதீர்கள், எப்படி இறங்கினேன் என்றும் கேட்காதீர்கள், மண்டபத்து வாசலில் நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

யாரும் சொல்லாத சின்ன விஷயங்கள்: கைப்பையைப் பூட்டி வைக்க இடம் கிடையாது, பின்னால் இருக்கும் பெட்டிக்கு மூடி வெறும் துணி, பட்டன் போட்டது. அதனால் பேரங்காடியில் நிறுத்திவிட்டுப் படம் பார்க்கப் போக முடியாது. பார்க்கிங்கில் டச் என் கோ அட்டையைத் தொட வேண்டிய இயந்திரம் உங்கள் தலைக்கு மேலே இருக்கும், வீட்டுக்காரர் பெல்ட்டை அவிழ்த்துவிட்டு எழுந்து நின்று அட்டையைக் காட்டுவார், பின்னால் நிற்பவன் ஹார்ன் அடிப்பான். அடித்தளத்துக்கு இறங்கும் சாய்தளத்தின் முடிவில் ஒரு மேடு இருக்கும் பாருங்கள், அங்கே அடிப்பாகம் உரசும் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. லாரி பக்கத்தில் வந்தால் அதன் சக்கரத்து நட்டு உங்கள் கண் மட்டத்தில் சுற்றும். முதல் தடவை நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

மழையைப் பற்றி யாரும் பேசவில்லை, சாயங்காலம் நாலு மணிக்கு இங்கே எப்படிப் பெய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. துணிக்கூரையை விரித்து ஒவ்வொரு பட்டனாக அழுத்திப் போட வேண்டும். பழகியவர்களுக்கே சில நிமிடம் ஆகும், அதற்குள் நனைந்துவிடுவீர்கள். போட்ட பிறகு உள்ளே கண்ணாடி புகைமூட்டமாகும், பக்கவாட்டுக் கதவுத் துணியின் இடுக்கில் தண்ணீர் வரும், எனக்கு எப்போதும் இடது முழங்கையில்தான் வரும். அதனால் ஓட்டிப் பார்க்கும் நாளிலேயே கூரையைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பாதிப்பேர் கூரையை வீட்டில் எங்கேயோ வைத்திருப்பார்கள், தேடவே முடியாது. கூரையோடு உள்ளே உட்கார்ந்தும் பாருங்கள், உங்கள் உயரத்துக்கு அங்கேதான் சிக்கல்.

இத்தனையும் சொன்னேன், இருந்தாலும் எங்கள் வீட்டில் அந்தக் காடி இன்னும் இருக்கிறது, இப்போது ஓட்டுவது நான். அவர் முதுகுவலி என்று பக்கத்து இருக்கைக்குப் போய்விட்டார்.

ஷா ஆலம் 90:

எல்லோரும் பெடலையும் கூரையையும் பேசுகிறீர்கள், இது பந்தயக் காடியின் வம்சம் ஐயா. 1957-இல் காலின் சாப்மன் லோட்டஸ் செவனைக் கொண்டுவந்ததே வாரநாளில் வேலைக்கு ஓட்டி ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் ஓடத்தான். 1973-இல் லோட்டஸ் கைகழுவியதை கேட்டர்ஹாம் எடுத்து இன்றுவரை ஓட்டுகிறது. அதை யூ-டர்ன் போட்டுப் பார்த்தால் என்ன தெரியும்? செப்பாங்கில் பொதுமக்களுக்கு டிராக் திறக்கும் நாளில் சொந்தக்காரரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நாலு சுற்று போதும், முடிவு தெரிந்துவிடும். சாலையில் 90-க்கு மேல் போனால் கேமரா பிடிக்கும், அங்கே இதை முழுதாக அறிய முடியாது.

சுபாங் பெரிசு:

ஷா ஆலம் தம்பி சொல்வதில் பாதி சரி. பிரேக் பூட்டுவது, பின்பக்கம் நழுவுவது இரண்டையும் சாலையில் பழகக் கூடாது, மூடிய இடத்தில்தான் பழக வேண்டும். ஆனால் செப்பாங் அதற்குச் சரியான இடமா? 5.543 கிலோமீட்டர், 15 வளைவு, எஃப்1-க்காகப் போட்டது. அந்த நீண்ட நேர்பாதைகளில் செவன் மூச்சுத் திணறும். எடை இல்லை என்பது உண்மை, ஆனால் காற்றைக் கிழிக்கிற உருவம் இல்லை அதற்கு, சக்கரம் எல்லாம் வெளியே நீட்டிக்கொண்டு, கண்ணாடி தட்டையாக நிமிர்ந்துகொண்டு, அலமாரியைத் தள்ளிக்கொண்டு ஓடுவது போல. பின்னால் வரும் பெரிய காடி உங்களை நேர்பாதையில் தாண்டும், வளைவில் நீங்கள் அவன் பின்பக்கத்தில் ஒட்டிக்கொள்வீர்கள், புதிதாக ஓட்டுகிறவருக்கு இது நல்லதல்ல. அதுவும் அடுத்தவர் காடியில், அடுத்தவர் இன்சூரன்சில். டிராக்கில் நடப்பதைச் சாதாரண பாலிசி ஏற்காது. சாலையிலும்கூட பாலிசியில் உங்கள் பெயர் இல்லை என்றால் வழக்கமான தனியார் காடி பாலிசியில் இழப்பீடு கேட்கும்போது முதல் 400 வெள்ளியை நாமே ஏற்க வேண்டும், அதையாவது முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

என் யோசனை வேறு. முதலில் இரண்டு வாரம் கோ-கார்ட் ஓட்டுங்கள். தரையோடு உட்காருவது, உதவியில்லாத ஸ்டீரிங், எடையை மாற்றி மாற்றி வைப்பது எல்லாம் அதில் இருக்கிறது, முட்டினால் டயர்ச் சுவர்தான். அப்புறம் காலி மைதானத்தில் கூம்பு வைத்துச் சுற்றலாம். அதன் பிறகு உலு யாம் பக்கம் காலையில் ஒரு மணி நேரம். பலம் அதிகமானதை முதலில் ஓட்டாதீர்கள். கேட்டர்ஹாமிலேயே 160 என்று ஒன்று வந்தது, சுசுகி 660 சிசி மூன்று சிலிண்டர் டர்போ, 80 குதிரைசக்தி, 490 கிலோ. நம் ஊர் முதல் கஞ்சிலும் 660 சிசிதானே, சாலைவரி 20 வெள்ளி கட்டினோமே. அந்த 80 குதிரையே இந்த எடைக்குப் போதும் என்று ஓட்டியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன், ஒரு தடவை ஓட்டி நானும் ஒத்துக்கொண்டேன். 620 என்ற 310 குதிரைசக்திக் காடியில் நான் ஒரு தடவை உட்கார்ந்திருக்கிறேன், அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

ஷா ஆலம் 90:

கோ-கார்ட் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அலமாரி என்று சொன்னதற்கு மன்னிப்பு கிடையாது.

செந்தூல் சக்கரம்:

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

பினாங்குக்குப் போனேன். ஸ்பேனர் அண்ணன் சொன்னபடி முதலில் கிராண்ட். அதில் இன்ஜின் 1,300 சிசி என்று இருந்தது, உள்ளே இருப்பது 1,600. "பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்றார் விற்கிறவர். தீச்சுவரையும் டார்ச் அடித்துப் பார்த்தேன், யாரோ காலால் உதைத்தது மாதிரி ஒரு பள்ளம். ஓட்டவில்லை. தஞ்சோங் பூங்காவில் பசெம்பூர் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன், பாலத்தில் வரும்போது அந்த இன்ஜின் சத்தத்தைக் கேட்காமல் வந்தது மட்டும் கொஞ்சம் வலித்தது.

அப்புறம் கிள்ளான். கோ-கார்ட் மூன்று தடவை போன பிறகுதான் அவரிடம் கேட்டேன், பாலிசியில் என் பெயரைச் சேர்க்கிற செலவை நான் தருகிறேன், இரண்டு ஞாயிற்றுக்கிழமை கொடுங்கள் என்று. மனிதர் ஒத்துக்கொண்டார், கூடவே அவரும் மைவியில் பின்னால் வந்தார். முதலில் போர்ச்சிலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன், அவருடைய மகள் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். தரை தாழ்த்தியதுதான், அடியில் படுத்துப் பார்த்துக் கண்டுபிடித்தோம். முழங்கால் இடிக்கவில்லை, ஆனால் என் ஷூவோடு பிரேக்கை மிதித்தால் இன்ஜின் உறுமுகிறது, பெரிசு அண்ணன் சொன்னது அப்படியே. ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஓட்டினேன். பெடல் சூடு பொறுக்க முடியவில்லை, இருபது நிமிடத்தில் நிறுத்திவிட்டு சாலையோரக் கடையில் ஐஸ் வாங்கிக் காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாவது ஞாயிறு மனைவியோடு. அக்கா சொன்னபடி அவளுடைய வழக்கமான இடத்துக்கு, அதாவது சந்தைக்கு. காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. கூரையைப் போட்டோம், பதினொரு நிமிடம், அவள் போனில் நேரம் பார்த்தாள். தலை துணியில் முட்டுகிறது எனக்கு, அவளுக்கு இல்லை. கீரைக்கட்டு மடியில், மீன் பை காலடியில், அதன்மேல் நடுச்சுரங்கத்துச் சூடு. வீட்டுக்கு வரும்போது காடி முழுக்க வஞ்சிரம் வாசனை, கிள்ளான்காரர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி சாப்பிடும்போது "அந்தச் சின்னச் சுவிட்சைப் போடுவதற்கு நீங்கள் ஒவ்வொரு தடவையும் குனிகிறீர்கள், எனக்குக் கை எட்டும், நான் போட்டிருப்பேன்" என்றாள். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்னும் தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் தருகிறேன் என்கிறார் அவர், விலையைப் பற்றி இன்னும் பேசவில்லை. அதற்குள் ஒரு கேள்வி: பள்ளிக்கூட வெள்ளைக் கேன்வாஸ் காலணி அளவு 11-இல் எங்கே கிடைக்கும்? மூன்று கடையில் கேட்டேன், 9-க்கு மேல் இல்லை என்கிறார்கள். ஒரு கடையில் பையன் எந்தப் படிவம் படிக்கிறான் என்று கேட்டார்கள்.

ஈப்போ ரோடு அக்கா:

ஜாலான் மஸ்ஜித் இந்தியா பக்கம் பழைய காலணிக் கடைகளில் கேட்டுப் பாருங்கள் தம்பி, காவலாளிகளுக்கும் தொழிற்சாலைக்காரர்களுக்கும் கறுப்புக் கேன்வாஸ் பெரிய அளவில் வைத்திருப்பார்கள். வாங்கும்போது உங்கள் மனைவிக்கும் ஒரு ஜோடி சேர்த்து எடுத்துவிடுங்கள்.

பாலிக் புலாவ் ஸ்பேனர்:

1,300 என்று கிராண்ட்டில் இருந்ததா? சரி, அந்தக் காடி எது என்று இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. நல்ல வேளை பசெம்பூரோடு போச்சு.